பழைய இரும்பைக் குப்பை என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு இணைப்பில், வீட்டுப் பட்டறையில் பழைய இரும்பை வெல்டிங் செய்து சிற்பம் பண்ணுகிறவர்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பதினோரு வருடமாக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வெட்டியெடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் படங்களை நிதானமாகப் பார்த்தேன், கட்டுரையை இரண்டாவது தடவை படித்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் உறுத்தியது. ஒன்று, தலைப்பு: 'குப்பையில் பிறந்த கலை'. இரண்டு, நடுவில் போட்டிருந்த பெரிய படம். அதில் ஒருவர் செருப்புக் காலோடு, சாதாரணக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, கையில் உறைகூட இல்லாமல் வெல்டிங் அடிக்கிறார். அவர் பற்றவைக்கிற குழாய் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. இரண்டடி தள்ளி ஒரு குழந்தை, ஏழெட்டு வயது இருக்கும், அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. மூன்று, ஒரு வெல்டிங் மிஷினும் கொஞ்சம் பழைய இரும்பும் இருந்தால் ஒரே மதியத்தில் யாரும் சிற்பியாகிவிடலாம் என்கிற மாதிரி எழுதியிருந்த வரி. இவை மூன்றும் மூன்று தனித்தனிக் குறைகள் மாதிரித் தெரியலாம். எனக்கு மூன்றும் ஒரே தவறாகத்தான் படுகிறது. கையில் இருக்கிற உலோகம் என்ன உலோகம், இதற்கு முன்னால் எங்கே என்ன வேலை பார்த்தது என்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்கவே இல்லை.

நான் தொழில்முறை வெல்டர் கிடையாது. பகலில் கணக்கெழுதும் வேலை, சாயங்காலமும் விடுமுறை நாளும் பட்டறை. கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேஜை, ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின், ஒரு பெஞ்ச் வைஸ், இரும்பைத் தேய்க்கவும் அறுக்கவும் இரண்டு கை கிரைண்டர், சுவர் நெடுக டப்பாக்களில் வகை பிரித்த பழைய இரும்பு, அவ்வளவுதான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆயுள் முழுக்க வெல்டிங் அடித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். முதல் ஒரு மாதம் என்னை மிஷினைத் தொடவே விடவில்லை. ஒரு மூட்டைப் பழைய இரும்பைக் கொட்டி, "இது ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லும்மா, அப்புறம் ராடைப் பிடிக்கலாம்" என்றார். ராடு என்றால் உருகி வெல்டாக விழுகிற வெல்டிங் குச்சி. அப்போது எனக்குக் கோபமாக வந்தது. எனக்குக் கிடைத்த படிப்பிலேயே நல்ல படிப்பு அந்த ஒரு மாதம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மூட்டையில் என்னதான் இருந்தது? ஸ்பானர், சைக்கிள் செயின், வால்வு, பேரிங், உடைந்த பல்சக்கரம், வில்லுப்பட்டை, எவர்சில்வர் கரண்டி, வார்ப்பிரும்புச் சக்கரம், ஸ்பார்க் பிளக். நம் கண்ணுக்கு எல்லாமே இரும்பு. ஆனால் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) என்கிற சாதாரண மென்னெஃகுக் கம்பியில் கார்பன் 0.25 சதவீதத்துக்கும் கீழே, பேரிங் குண்டில் சுமார் 1 சதவீதம், கூடவே ஒன்றரை சதவீதம் குரோமியம், வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை. கேட்கச் சின்ன எண்களாக இருக்கிறது. பற்றவைத்த இடம் பிடித்து நிற்குமா, ஆறும்போதே வெடித்துப் பிளக்குமா என்பது பெரும்பாலும் அந்தச் சின்ன எண்களைப் பொறுத்ததுதான்.

பெரியவர் கற்றுக்கொடுத்த முதல் வித்தை தீப்பொறியைப் படிப்பது. துண்டைக் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எம்.எஸ். என்றால் வைக்கோல் நிறத்தில் நீளமான கோடுகள் போகும், நுனியில் அதிகம் பூ விரியாது. கார்பன் ஏற ஏற, கோட்டின் நுனியில் மத்தாப்பு மாதிரிப் பூப்பூவாகச் சிதறும். அரம், வில்லுப்பட்டை எல்லாம் இப்படித்தான். வார்ப்பிரும்பின் பொறி சக்கரத்தின் பக்கத்திலேயே மங்கலான சிவப்பில் குட்டையாகப் புறப்படும். எவர்சில்வரில் பூ மிகக் குறைவு, பல வகைகளில் காந்தமும் ஒட்டாது. அலுமினியத்தில் பொறியே வராது, அதை இரும்போடு நம் மிஷினில் பற்றவைக்கவும் முடியாது. காந்தம், அரம், தீப்பொறி, கையில் தூக்கிப் பார்க்கிற கனம், இந்த நாலை வைத்தே வீட்டுப் பட்டறைக்குத் தேவையானதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய இரும்புக்கடையில் தரம் பிரிக்கிறவர்கள் இதை மூச்சு விடுகிற மாதிரிச் செய்வார்கள். அவர்களுடைய கையறிவைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெரிந்திருந்தும் நான் சறுக்கிய கதை ஒன்று சொல்கிறேன். ஆரம்ப நாளில் ஒரு ஆந்தை செய்தேன். இறகுக்குக் கரண்டித் தலைகள், நெஞ்சுக்கு வாஷர்கள், நகத்துக்கு வளைந்த ஆணி. கண்ணுக்கு இரண்டு பெரிய பேரிங் குண்டுகள். அந்தப் பளபளப்பில் மயங்கிப்போய் எதையும் யோசிக்காமல் 6013 என்கிற சாதாரண ரக ராடில் இரண்டு பாயின்ட் வைத்துவிட்டேன். அழகாகப் பிடித்தது. ராத்திரி பட்டறையில் 'டிக்' என்று ஒரு சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கண் தரையில் கிடக்கிறது. வெல்டு விட்டுப்போகவில்லை, குண்டின் தோலே ஒரு சில்லு மாதிரிப் பெயர்ந்து வெல்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கார்பன் அதிகமுள்ள எஃகைச் சூடாக்கிவிட்டு உடனே ஆறவிட்டால் சூடுபட்ட இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், ராடின் பூச்சிலிருந்து உள்ளே போகிற ஹைட்ரஜன் மணிக்கணக்கில் வேலை செய்து அந்த இடத்தைப் பிளந்துவிடும். அதனால்தான் அடித்தவுடன் உடையாமல் நடுராத்திரியில் உடைகிறது. முன்னாலேயே குண்டைச் சூடுபண்ணி, ஈரமில்லாமல் காயவைத்த லோ ஹைட்ரஜன் ராடில் அடித்து, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டிருந்தால் நின்றிருக்க வாய்ப்புண்டு. இப்போது நான் அதைக்கூடச் செய்வதில்லை. குண்டு உட்காரும் அளவுக்கு ஒரு எம்.எஸ். வளையம் செய்து அதற்குள் பொதித்து, வளையத்தை மட்டும் பற்றவைக்கிறேன். அந்த ஆந்தையின் கண் அன்றைக்குச் சின்னதாக உடைந்தது, சரி. இதே தவறு ஆளுயரச் சிற்பத்தின் கால் மூட்டில் நடந்தால் என்ன ஆகும்? அதன் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருந்தால்?

வார்ப்பிரும்பும் இதே கதைதான். பழைய தையல் மிஷின் சக்கரம் யாருக்குத்தான் பிடிக்காது, ஆனால் அதைச் சாதாரண ராடில் அடித்தால் வெல்டு ஓரமாகவே ஒரு விரிசல் ஓடும். நிக்கல் ராடு, முன்சூடு, ஒரு அங்குலம் அடித்ததும் லேசாகத் தட்டித் தட்டி அழுத்தத்தைத் தளர்த்துவது, அப்புறம் சாம்பலிலோ மணலிலோ மெதுவாக ஆறவிடுவது என்று அதற்குத் தனி முறை இருக்கிறது. இரும்பை உருக்காமல் பித்தளையை மட்டும் உருக்கி ஒட்டுகிற பிரேஸிங்கும் நல்ல வழி. இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் துளை போட்டு போல்ட் மாட்டிவிடலாம், சிற்பத்தில் போல்ட் தெரிவது ஒன்றும் அவமானம் இல்லை.

இனி அந்த ஜி.ஐ. பைப். எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை. எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும், துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ராடை வைத்த உடனே வெள்ளைப் புகை கிளம்புவது அதனால்தான். நான் ஒரு தடவை கொக்கு ஒன்றுக்குக் கால் செய்ய ஜி.ஐ. பைப்பை எடுத்தேன், மழை என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் அடித்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி படுத்த பிறகு வாயில் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி, அப்புறம் குளிர், பல்லோடு பல் அடித்துக்கொள்கிற குளிர், காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. விஷக்காய்ச்சல் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் தானாக விட்டது. பெரியவரிடம் சொன்னதும், "ஜி.ஐ. அடிச்சியாம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. உலோகப் புகைக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். புகையைச் சுவாசித்த நாலு மணி முதல் பத்து மணி நேரத்துக்குள் வரும், ஓரிரு நாளில் போய்விடும். பால் குடித்தால் வராது என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு, அந்தப் பேச்சை நம்பி யாரும் முகத்தைப் புகைக்குள் நீட்டக் கூடாது.

தானாகப் போய்விடுகிற காய்ச்சல்தானே என்று விட்டுவிடவும் முடியாது. சில பழைய போல்ட்களிலும் கருவிப் பாகங்களிலும் லேசான மஞ்சள் ஓடிய ஒரு பூச்சு இருக்கும், அது காட்மியமாக இருக்கலாம். காட்மியம் புகையும் ஆரம்பத்தில் இதே குளிர்காய்ச்சல் மாதிரிதான் காட்டும், ஆனால் ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொன்றுவிடக்கூடியது. அதனால் வெல்டிங் அடித்த இரவில் மூச்சு முட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், எந்த உலோகத்தை அடித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரோமியம் பூசிய பம்பர், எவர்சில்வர் இரண்டிலும் வருகிற ஆறிணைதிறக் குரோமியம் என்கிற அதன் விஷ வடிவம் புற்றுநோய் தரக்கூடியது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். பொதுவாக வெல்டிங் புகையையே, எந்த இரும்பானாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் சேர்த்துவிட்டது. பூச்சு எதுவென்று தெரியாத துண்டை நான் இப்போதெல்லாம் பற்றவைப்பதே இல்லை, ஒதுக்கிவிடுகிறேன். தெரிந்ததை, வெல்டு விழும் இடத்தைச் சுற்றிப் பூச்சு போகச் சுரண்டிவிட்டு, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் போகும்படி நின்று, புகைக்கான வடிகட்டி போட்ட முகமூடியோடு அடிக்கிறேன். சுரண்டும்போது வருகிற தூசும் அதே விஷம்தான், அப்போதும் முகமூடி வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது இதற்கு உதவாது.

மூடிய பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையின் சின்னப் படம் ஒன்றில் ஷாக் அப்சார்பரை யானையின் காலாக வைத்திருந்தார்கள். பார்க்க அருமையாக இருந்தது, கற்பனையைப் பாராட்டுகிறேன். ஆனால் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் இருக்கும், பல வகைகளில் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் இருக்கும். கார் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் தண்டும் அப்படித்தான். உள்ளிருப்பதை வெளியேற்றாமல் அதன் மேல் சூடு வைப்பது வெடிகுண்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம் இவை காலியாக இருந்தாலும், ஏன் கழுவிவைத்திருந்தாலும், மடிப்புகளில் தங்கியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். வீட்டுப் பட்டறையில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. இரண்டு பக்கமும் அடைத்த வெறும் குழாயில்கூட, ஓட்டை போடாமல் பற்றவைத்தால் உள்காற்று விரிந்து உருகிய இரும்பை முகத்தில் துப்பும், ஒரு சின்னத் துளை போதும் அதைத் தடுக்க. இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. சில இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டு உள்ளே கூடாக இருக்கும், அதற்குள் சோடியம் அடைத்திருப்பார்கள். வால்வுகள் பூவிதழுக்கும் காளானுக்கும் எவ்வளவு பொருத்தமான வடிவம் என்று எல்லோரும் ஆசையாக எடுப்போம். அதை அறுத்து ஈரம் பட்டால் சோடியம் தீப்பற்றி வெடிக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் சிலவற்றில் டெட்ராகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது முழுக்கக் காயாத துண்டில் ஆர்க்கை, அதாவது ராடின் நுனியில் எரிகிற மின்பொறியை, வைத்தால், அந்தச் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் பாஸ்ஜீன் வாயு உண்டாகும், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், நன்றாகக் காயவைத்தால் சரி.

கண்ணுக்கு வருகிறேன், அந்தக் குழந்தைக்காக. ஆர்க்கின் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற பிரகாசத்தைவிடத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் கெடுதல். அது கண்ணின் முன்புறத்தில் இருக்கும் கருவிழியின் மேல்தோலை வெயில் சுடுகிற மாதிரிச் சுட்டுவிடும். அப்போது வலிக்காது. ஐந்தாறு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூங்கப் போகும் நேரத்தில், கண்ணுக்குள் ஒரு பிடி மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி வலிக்கும், கண்ணைத் திறக்கவும் முடியாது மூடவும் முடியாது. எனக்கு ஒரு தடவை வந்தது, ஷீல்டைக் கவிழ்ப்பதற்கு முன் நாலைந்து முறை ஆர்க் அடித்துப் பார்த்ததன் பலன். பெரியவளான நானே அன்று அழுதேன். சாதாரண ராடு வெல்டிங்குக்கு 10 அல்லது 11 எண் கருப்புக் கண்ணாடி வேண்டும், கூலிங் கிளாஸ் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும், வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்கும் இதே கதைதான். அதனால் நான் அடிக்கும்போது பட்டறை வாசலில் கனத்த திரை தொங்கும், திரைக்கு இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது என்பது வீட்டில் உள்ள நாய் வரைக்கும் தெரியும்.

வெல்டிங் மிஷினைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட கிரைண்டரைப் பார்த்துப் பயப்படுவதில்லை, எனக்கு அது எப்போதும் ஆச்சரியம். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் அதில் மாட்டுகிற வட்டத் தகடான வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் பெரியதாக இருக்கிறது என்பதற்காகக் கார்டை, அதாவது வீலை மூடியிருக்கும் காப்புத் தகட்டை, கழற்றிவிட்டு மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், உடைந்த வீல் துண்டு பலகைக் கதவில் ஏறி நின்றதையும் பார்த்திருக்கிறேன். கார்டு, கண்ணாடி, அதற்கு மேல் முகக்கவசம், காதடைப்பான், முடியை இழுத்துக் கட்டி உள்ளே செருகிக்கொள்வது, காலை மூடும் தோல் ஷூ, நைலான் கலக்காத பருத்திச் சட்டை, இத்தனையும் வேண்டும். அப்புறம் நெருப்பு. பொறிகள் பத்து மீட்டர் வரைகூட ஓடும், ஓடிப்போய் ஒரு மூலையில் மரத்தூளிலோ கந்தலிலோ உட்கார்ந்து கனன்றுகொண்டே இருக்கும். வேலை முடிந்து விளக்கை அணைத்துவிட்டு உடனே போகக் கூடாது. எங்காவது புகைகிறதா என்று பார்த்தபடி நான் காத்திருக்கும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் மறுநாளைக்கு வேண்டிய துண்டுகளைத் தேர்ந்தெடுத்து வைப்பேன், பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த நேரமும் அதுதான்.

இவ்வளவு பயமுறுத்தினால் யார் இதற்கு வருவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் எல்லோரும் வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் உலோகத்தைத் தெரிந்துகொள்வதுதான் இந்தக் கலைக்கே வாசல். ஹூலியோ கொன்சாலெஸ் என்ற ஸ்பானியச் சிற்பியைப் பாருங்கள். 1876-ல் பார்சிலோனாவில் உலோகக் கைவினைக் குடும்பத்தில் பிறந்தவர், 1918-ல் பிரான்ஸில் ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார். அது சிற்பத்துக்குள் முழுதாக வந்து சேரப் பத்து வருடம் ஆனது. 1928-ல் இரும்பில் சிற்பம் செய்ய ஆசைப்பட்ட பிக்காசோ உதவி கேட்டு இவரிடம்தான் வந்தார், ஏனென்றால் பிக்காசோவுக்கு வெல்டிங் தெரியாது. அப்போது கொன்சாலெஸுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய நல்ல வேலைகளெல்லாம் அதற்கப்புறம் வந்தவை. அமெரிக்காவின் டேவிட் ஸ்மித் இளவயதில் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலையில் டாங்கிகளையும் ரயில் இன்ஜின்களையும் பற்றவைத்தவர். 1950-களில் பழைய விவசாயக் கருவிகளின் பாகங்களை வைத்து அக்ரிகோலா என்று ஒரு வரிசையே செய்தார். இவர்கள் யாருக்கும் இது ஒரு மதிய வேலையாக இருக்கவில்லை.

பிக்காசோ 1942-ல் செய்த காளைத் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சைக்கிள் சீட்டு முகம், ஒரு ஹேண்டில்பார் கொம்பு, அவ்வளவுதான். அதில் எனக்கு உயிராக இருப்பது, காளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சைக்கிளும் தெரிவதுதான். நல்ல பழைய இரும்புச் சிற்பம் எல்லாவற்றிலும் இது நடக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். செயினைக் குதிரையின் பிடரியாக வைத்தால் அது பிடரியாகவும் இருக்க வேண்டும், செயினாகவும் இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இருந்த சிங்கத்தில் எல்லாத் துண்டுகளையும் தேய்த்து மழுக்கித் தங்க பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைச் செய்தவரின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஸ்பானரை ஸ்பானர் என்று தெரியாமல் மறைத்துவிட்டால் எதற்காக ஸ்பானரைத் தேடினோம்? நான் ஒரு துண்டை எடுத்து மாதக்கணக்கில் மேஜையிலேயே வைத்திருப்பேன், திருப்பித் திருப்பி வைப்பேன், ஒரு நாள் அது எதற்கானது என்று தெரியும். பழைய இடுக்கி ஒன்று ஒரு வருடம் காத்திருந்து வெட்டுக்கிளியின் பின்னங்கால் ஆனது. அதன் பிடியில் யாரோ பல வருடம் பிடித்துத் தேய்ந்த இடம் இருக்கிறது, அதை நான் அரம் போடவே இல்லை. அந்தத் தேய்மானத்தைச் செய்ய என்னால் முடியாது, யாராலும் முடியாது. இதைப் போய்க் குப்பை என்று எழுதினால் எப்படி?

கடைசியில் துருவைப் பற்றியும் இரண்டு வார்த்தை, உங்கள் கட்டுரையில் துருவின் மேலேயே வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருந்ததால். உதிரும் துருவின் மேல் அடித்தது துருவோடு சேர்ந்து உரியும். முதலில் கம்பி பிரஷ்ஷால் தளர்ந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, உறுதியாகப் பிடித்திருக்கும் துருவை மட்டும் விட்டு, வீட்டுக்குள் வைப்பதென்றால் மெழுகு தேய்த்தால் போதும், ஆண்டுக்கொரு முறை மறுபடி தேய்க்கலாம். வெளியில் வைப்பதென்றால் தண்ணீர் தேங்கும் குழி எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து அடியில் துளை போடுங்கள். எத்தனை பூச்சு அடித்தாலும் தேங்கிய தண்ணீரை அது வெல்லாது.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தப் படத்தில் இருப்பது போல யாரும் செய்யக் கூடாது என்று நாலு வரி போடுங்கள், குறிப்பாகக் குழந்தையை அருகில் நிறுத்தக் கூடாது என்று. இதைப் பற்றி மறுபடி எழுதும்போது, அச்சுக்குப் போகும் முன் அனுபவமுள்ள ஒரு வெல்டரிடம் படத்தையும் கட்டுரையையும் ஒரு தடவை காட்டுங்கள். படத்தில் இருந்த அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே ஆர்வம் இருப்பது அதன் முகத்தில் தெரிந்தது. அதன் கையில் ஒரு டப்பா நிறைய நட்டும் வாஷரும் போல்ட்டும் வளைகிற கம்பியும் ஒரு காந்தமும் கொடுத்தால், நெருப்பே இல்லாமல் முடுக்கியும் சுற்றியும் கட்டியும் எத்தனையோ பூச்சிகளையும் பறவைகளையும் செய்யும். உங்கள் சிறுவர் பக்கத்துக்கு அப்படி ஒன்றை, அளவுகளோடும் படத்தோடும், எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி